எல் நினோவிலிருந்து மீன் வரை: கடல்சார் காலநிலை அலைவுகளின் தாக்கத்தைத் தடம்பிடிப்பது எப்படி

நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு வெளியானதும், இந்த ஆண்டு மீன் குறையுமா, பவளப்பாறைகள் வெளிறுமா என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. கேள்விகள் நியாயமானவையே. ஆனால் பசிபிக் பெருங்கடலின் நடுவே அளக்கப்படும் ஒரு வெப்பநிலை எண்ணுக்கும், எங்கோ ஒரு கரையோரத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் மீன்குஞ்சுக்கும் இடையே காற்று, நீரடுக்கு, ஊட்டச்சத்து, மிதவை உயிரிகள் (நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள்), இரை எனப் பல கண்ணிகள் இருக்கின்றன. எந்தக் கண்ணியில் மாற்றம் நேர்ந்தது என்று காட்டாமல் எண்ணையும் மீனையும் நேராக முடிச்சுப் போட்டால், அது ஊகமாகவே நின்றுவிடும். அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் செல்லும் முறையை மாணவர், ஆசிரியர், சுற்றுச்சூழல் செய்தியாளர் ஆகியோரை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். இதற்குத் தேவையான தரவுகளில் பெரும்பாலானவை பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு விரிதாள் மென்பொருளும் பொறுமையும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

எந்த அலைவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல் நினோவின் பெயர் பரவலாகத் தெரிந்திருப்பதால் எல்லாக் கடல் மாற்றங்களையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. நீங்கள் ஆராயும் உயிரினம் எந்தக் கடலில் வாழ்கிறது, எத்தனை ஆண்டுகள் வாழ்கிறது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தும் அலைவைத் தேர்ந்தெடுங்கள்.

எல் நினோ, அதற்கு எதிரான குளிர்நிலையாகிய லா நினா ஆகியவற்றை உள்ளடக்கிய தென் அலைவு, 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒழுங்கற்ற இடைவெளியில் வருவது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகை வரையிலும், மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 பாகை வரையிலும் பரந்த நினோ 3.4 என்ற பகுதியின் கடல்மேற்பரப்பு வெப்பநிலை விலகலை (இயல்பிலிருந்து வேறுபடும் அளவை) மூன்று மாதச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் குறியீட்டை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் ஐந்து மூன்றுமாதக் காலங்களில் தொடர்ந்து அது 0.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருந்தால், அந்தக் காலம் எல் நினோவாகப் பதிவாகிறது. ஆஸ்திரேலிய வானிலை நிறுவனம் இதே பகுதிக்கு 0.8 டிகிரியை வரம்பாகக் கொண்டிருந்தது. ஆகவே ஓர் ஆண்டை எல் நினோ ஆண்டு என்று எழுதும்போது, யாருடைய வரையறைப்படி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தியப் பெருங்கடலுக்கு அதற்கே உரிய இருமுனை அலைவு ஒன்று இருப்பது 1999இல் விரிவாக விளக்கப்பட்டது. மேற்குப் பகுதியின் வெப்பநிலை விலகலிலிருந்து சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதியின் விலகலைக் கழித்தால் அதன் குறியீடு கிடைக்கும். இது பெரும்பாலும் ஆண்டின் நடுவில் தோன்றி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சம் பெற்று, ஆண்டு முடிவதற்குள் தணிந்துவிடும். வட பசிபிக்கின் பதின்மைய அலைவு, அதாவது பத்தாண்டுக் கணக்கில் மாறும் கடல் வெப்பநிலை அலைவு, இதற்கு நேர்மாறானது. வெப்பம் அல்லது குளிர் என ஒரு நிலையிலேயே இருபது, முப்பது ஆண்டுகள் கூட நீடிக்கக்கூடியது. வட அட்லாண்டிக் அலைவோ, ஐஸ்லாந்து அருகே நிலவும் தாழ்வழுத்தத்துக்கும் அசோர்ஸ் தீவுகள் அருகே நிலவும் உயரழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பது. குளிர்காலத்தில்தான் அதன் பிடி வலுவாக இருக்கும்.

ஓராண்டே வாழும் உயிரினத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதின்மைய அலைவின் உதவியால் மட்டும் விளக்க முயன்றால் விடை கிடைக்காது. இருபது ஆண்டுகள் வாழும் மீனின் மொத்த எண்ணிக்கையில் ஒரே ஒரு எல் நினோவின் சுவட்டைத் தேடுவதும் அப்படித்தான். அதைத் தேட வேண்டிய இடம் அந்த ஆண்டில் பிறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை.

விலகலைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கடலின் வெப்பநிலை பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவது இயல்பு. நமக்கு வேண்டியது அந்த இயல்பிலிருந்து விலகிய அளவு. 30 ஆண்டுகளின் ஜனவரி மாதங்களை மட்டும் சேர்த்து ஒரு சராசரி, பிப்ரவரி மாதங்களை மட்டும் சேர்த்து இன்னொரு சராசரி என்று பன்னிரண்டு சராசரிகளை முதலில் தயார் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு மாத அளவிலிருந்தும் அந்த மாதத்துக்குரிய சராசரியைக் கழியுங்கள். ஆண்டு முழுமைக்கும் ஒரே சராசரியை எடுத்துக் கழித்தால், ஒவ்வொரு கோடையும் வெப்ப நிகழ்வாகவும் ஒவ்வொரு குளிர்காலமும் குளிர் நிகழ்வாகவும் தோன்றும். தொடக்கத்தில் செய்யப்படும் பிழைகளில் மிகவும் பரவலானது இதுதான்.

அடிப்படைக் காலம் எது என்பதும் முக்கியம். பெருங்கடல்கள் ஒட்டுமொத்தமாகச் சூடாகி வருவதால், பழைய 30 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இன்றைய மாதங்களில் பெரும்பாலானவை வெப்பமானவையாகவே தெரியும். இதைக் கருதியே நோவா தன் குறியீட்டின் அடிப்படைக் காலத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகர்த்தி வந்தது. வெப்பமண்டலக் கடல்கள் அனைத்தின் சராசரி விலகலையும் கழித்துக் கணக்கிடும் சார்புக் குறியீடும் உண்டு. அலைவின் தாக்கத்தை மட்டும் அறிய விரும்பினால் நீண்டகாலப் போக்கை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். உயிரினம் உண்மையில் எவ்வளவு வெப்பத்தை அனுபவித்தது என்பதை அறிய விரும்பினால் நீக்கக் கூடாது, ஏனெனில் பவளத்துக்கு மொத்த வெப்பம் மட்டுமே தெரியும். அதில் எவ்வளவு எல் நினோவால் வந்தது, எவ்வளவு புவி வெப்பமாதலால் வந்தது என்ற பாகுபாடு அதற்கு இல்லை.

மேற்பரப்பில் நின்றுவிடாமல் அடியில் பாருங்கள்

என் கருத்தில் இந்த வழிமுறை முழுவதிலும் மிக முக்கியமான படி இதுவே.

வழக்கமான ஆண்டுகளில் பசிபிக்கின் வியாபாரக் காற்றுகள் சூடான மேல்நீரை மேற்கு நோக்கித் தள்ளிக் குவிக்கின்றன. அதனால் மேற்கில் கடல்மட்டம் கிழக்கைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் இடைப்பட்ட, வெப்பநிலை விரைந்து குறையும் அடுக்கை வெப்பச்சரிவு அடுக்கு என்கிறோம். அது மேற்கில் 150 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இருக்க, தென் அமெரிக்கக் கரையை நெருங்க நெருங்க மேலேறி 50 மீட்டர் அளவில் வந்து நிற்கிறது. பெருவின் கரையோரம் வீசும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் விலக்கும்போது அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் மேலேறுகிறது. வெப்பச்சரிவு அடுக்கு மேலே இருப்பதால், அப்படி ஏறும் நீர் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த குளிர்நீராக இருக்கிறது. அந்தச் சத்தில் மிதவைத் தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றையும் அவற்றை உண்ணும் மிதவை விலங்குகளையும் தின்று பெருவியன் நெத்திலி பல்கிப் பெருகுகிறது.

எல் நினோவின்போது வியாபாரக் காற்றுகள் தளர்கின்றன. மேற்கில் குவிந்திருந்த வெந்நீரின் தாக்கம் கெல்வின் அலைகள் எனும் நீண்ட கடல் அலைகளாக நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே பயணித்து, இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையை அடைந்து, அங்கே வெப்பச்சரிவு அடுக்கைப் பல பத்து மீட்டர் கீழே அழுத்திவிடுகிறது. இப்போது கவனித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெருவின் கரையோரக் காற்று அப்போதும் வீசிக்கொண்டிருக்கலாம். நீர் மேலேறுவதும் தொடரலாம். ஆனால் மேலேறுவது சத்தற்ற வெந்நீர். காற்றை மட்டும் அளந்தவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் அளந்தவர் நெத்திலி வெப்பம் தாங்காமல் அழிந்தது என்று எழுதிவிடுவார். அது உணவு இழந்த கதை என்பது அடியில் இருக்கும் அடுக்கைப் பார்த்தவருக்கு மட்டுமே புரியும்.

இதைப் பார்ப்பதற்கு, 20 டிகிரி செல்சியஸ் நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை வெப்பச்சரிவு அடுக்கின் அடையாளமாக எடுத்துக்கொள்வது வெப்பமண்டலப் பசிபிக்கில் வழக்கம். பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டுள்ள மிதவைகளும், 2,000 மீட்டர் வரை இறங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து தரவு அனுப்பும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகளும் இந்த அளவைத் தருகின்றன. அவை இல்லாத இடங்களில் செயற்கைக்கோள் அளக்கும் கடல்மட்ட உயரம் கைகொடுக்கும். வெப்பமண்டலக் கடலில் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் அடியில் வெந்நீர்ப் படுகை தடித்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 1992 முதல் இத்தரவு தொடர்ச்சியாக இருக்கிறது.

பச்சையத்தைப் படியுங்கள்

அடுத்த கண்ணி மிதவைத் தாவரம். கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தின் அளவை மதிப்பிடும் செயற்கைக்கோள் தரவு 1997 செப்டம்பரிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. அந்தத் தொடக்கமே ஒரு நல்ல பாடமாக அமைந்தது. 1997இன் வலுவான இருமுனை நிகழ்வின்போது, வழக்கமாகப் பசுமை குறைந்த கிழக்கு இந்தியப் பெருங்கடலில், சுமத்ராவையும் ஜாவாவையும் ஒட்டி ஆழ்நீர் மேலெழுந்து பச்சையம் பெருகியதைச் செயற்கைக்கோள் காட்டியது. அதே ஆண்டு சுமத்ராவின் மேற்கேயுள்ள மென்டவாய்த் தீவுகளின் பவளத்திட்டுகள் பெரும் பரப்பில் மடிந்தன. மேலெழுந்த சத்துநீரோடு காட்டுத்தீப் புகையிலிருந்து படிந்த இரும்பும் சேர, நுண்பாசிகள் மிதமிஞ்சிப் பெருகும் செந்நீர்ப் பெருக்கம் ஏற்பட்டுப் பவளங்கள் மூச்சுத் திணறின என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பச்சையம் கூடினால் கடலுக்கு நல்லது என்ற எளிய சமன்பாடு எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

மேகம் மூடிய நாட்களில் இத்தரவு கிடைக்காது. ஆற்றுச் சேறு கலக்கும் கரையோரத்தில் அளவு மிகையாகத் தெரியும். செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் மேல்பகுதி மட்டுமே. ஆகவே நாள்வாரித் தரவைவிட எட்டு நாள் அல்லது மாதச் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

இரையின் அளவோடு தரத்தையும் காலத்தையும் பாருங்கள்

மிதவைத் தாவரத்துக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் மிதவை விலங்குகளைப் பற்றிய தரவு அரிது. ஆகையால் பலர் இந்தக் கண்ணியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பல கதைகளின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு வெளியே, நியூபோர்ட் என்ற இடத்திலிருந்து 1996 முதல் ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகள் சேகரிக்கப்பட்டு வருகின்றன. வட பசிபிக் குளிர்நிலையில் இருக்கும்போது வடக்கிலிருந்து வரும் நீரோட்டம் கொழுப்பு மிகுந்த கோப்பிபாட் இனங்களைக் கொண்டுவருகிறது. குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பதற்காகக் கொழுப்பைச் சேமித்துவைக்கும் உடல்கள் அவை. வட பசிபிக் சூடான நிலையில் இருக்கும்போது தெற்கிலிருந்தும் வெளிக்கடலிலிருந்தும் வருபவை கொழுப்பு குறைந்த சிறிய இனங்கள். வலையில் விழும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும், அவற்றைத் தின்னும் சிறுமீனுக்கும், சிறுமீனைத் தின்னும் சால்மன் குஞ்சுக்கும் கிடைக்கும் ஆற்றல் வேறு. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நீடித்த பெரும் கடல் வெப்ப அலையின்போது இரைமீன்களின் அளவும் கொழுப்பும் ஒருசேரக் குறைந்தன. வெந்நீரில் பெரிய மீன்களின் உணவுத் தேவையோ கூடியது. இரு புறமும் நெருக்கப்பட்ட மர்ரே கடற்பறவைகள் லட்சக்கணக்கில் பட்டினியால் மடிந்தன. அலாஸ்கா வளைகுடாவின் காட் மீன் வளம் சரிந்து, 2020இல் அங்கே அமெரிக்கக் கூட்டரசின் ஆளுகையிலுள்ள நீர்ப்பரப்பில் அதன் மீன்பிடிப்பு மூடப்பட்டது.

காலமும் இதே அளவுக்கு முக்கியம். வட கடலில் வசந்தத்தில் பெருகும் குளிர்நீர்க் கோப்பிபாட் ஒன்று குறைந்து, அதன் இடத்தைக் கோடையின் பிற்பகுதியில் பெருகும் வெந்நீர் உறவினம் பிடித்தது. பெயரளவில் இரை இருந்தது. ஆனால் காட் மீன்குஞ்சுகள் வசந்தத்தில் வாய் திறந்தபோது அது இல்லை. வணிகக் கப்பல்களின் பின்னால் பட்டுவலைப் பொறியை இழுத்துச்சென்று 1931 முதல் சேகரித்து வரும் மிதவை உயிரிப் பதிவுகள் இல்லாவிட்டால் இந்த இடமாற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காலத்தாழ்வை, அதாவது தாக்கம் வெளிப்பட ஆகும் காலத்தை, ஒதுக்கிக்கொள்ளுங்கள். மிதவைத் தாவரங்கள் நாட்களிலும் வாரங்களிலும், மிதவை விலங்குகள் வாரங்களிலும் மாதங்களிலும் மாறும். மீன்குஞ்சுகளின் இழப்பு, அவை வளர்ந்து வலையில் விழ வேண்டிய வயதில்தான் பிடிப்பில் வெளிப்படும். மூன்று வயதில் பிடிபடும் மீனென்றால் மூன்றாண்டு தாழ்த்தி ஒப்பிட வேண்டும். நீந்தி இடம்பெயரும் மீனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மேற்குப் பசிபிக்கின் வரிச்சூரை என்ற சூரை மீன், வெந்நீர்ப் பரப்பின் கிழக்கு விளிம்பைத் தொடர்ந்து சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடம் மாறுகிறது. ஒரு தீவுநாட்டின் கடலில் அது குறைந்தது என்பதாலேயே இனம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

உயிரினத்தின் உடலையே அளந்து தடம்பிடித்த ஓர் ஆய்வும் உண்டு. காலபாகஸ் தீவுகளின் கடல் உடும்புகள் பாசியை உண்டு வாழ்பவை. எல் நினோக் காலத்தில் அவை விரும்பும் பாசிகள் அழிந்து, எளிதில் செரிக்காத பழுப்புப் பாசி பெருகுகிறது. அக்காலங்களில் சில உடும்புகளின் உடல்நீளம் 20 விழுக்காடு வரை சுருங்கியது என்று ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பிடித்து அளந்த ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டனர். எடை குறைவது இயல்பு. இங்கே நீளமே சுருங்கியது. அதிகம் சுருங்கியவையே அதிக நாள் உயிர்பிழைத்தன என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

பவளத்துக்குத் தனிக் கணக்கு

பவளத்தின் நிலை வேறு. இங்கே வெப்பமே நேராகத் தாக்குகிறது. அதன் திசுவுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் பாசிகள் வெப்ப அழுத்தத்தில் வெளியேறுவதால் வெளிறல் ஏற்படுகிறது. இதைக் கணிக்க வெப்ப வாரங்கள் என்ற அளவு உதவுகிறது.

ஓர் உதாரணத்தோடு போட்டுப் பார்ப்போம். ஒரு திட்டின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 28.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 1 டிகிரியோ கூடுதலோ ஏறிய வாரங்கள் மட்டுமே கணக்கில் சேரும். அடுத்தடுத்த ஏழு வாரங்களின் வெப்பநிலை 29.2, 29.7, 30.0, 30.3, 29.5, 30.1, 28.9 என்றால், மிகை முறையே 0.6, 1.1, 1.4, 1.7, 0.9, 1.5, 0.3. இவற்றில் 1க்குக் குறைந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 5.7 வருகிறது. இப்படிக் கடந்த 12 வாரங்களின் கூட்டுத்தொகையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அது 4ஐ எட்டினால் குறிப்பிடத்தக்க வெளிறலும், 8ஐ எட்டினால் பரவலான வெளிறலோடு இறப்பும் எதிர்பார்க்கலாம் என்பது நோவாவின் பவளக் கண்காணிப்புப் பிரிவு நெடுங்காலமாகக் கையாளும் வரம்பு. நம் உதாரணத் திட்டு வெளிறும். ஆனால் வெப்பம் இத்துடன் தணிந்தால் மீளக்கூடும். உலகளாவிய வெளிறல்கள் 1998, 2010, 2014–17 ஆகிய காலங்களில் பதிவாயின. நான்காவது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இந்நான்கும் எல் நினோவோடு ஒட்டி வந்தவை என்றாலும், 2014–17 நிகழ்வு எல் நினோ ஓய்ந்த பிறகும் நீடித்தது.

ஒட்டுறவு காட்டும் எண்ணை உடனே நம்பாதீர்கள்

குறியீட்டையும் மீன் தரவையும் அருகருகே வைத்து, அவை எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவது நிமிட வேலை. அதைப் பொருள்கொள்வதில்தான் உழைப்பு தேவைப்படுகிறது. பதின்மைய அலைவு ஒரு நூற்றாண்டில் சில முறையே நிலை மாறுகிறது. 60 ஆண்டுத் தரவு கையில் இருந்தாலும் உண்மையில் சான்றாக நிற்பவை இரண்டு மூன்று மாற்றங்களே. இடையிலுள்ள ஆண்டுகள் ஒன்றையொன்று எதிரொலிப்பவை.

நன்கு நிறுவப்பட்டதாகக் கருதிய தொடர்பும் ஒருநாள் அறுந்துபோகலாம். வட கடலின் கோப்பிபாட் இனங்களுக்கும் வட அட்லாண்டிக் அலைவுக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் தெரிந்த வலுவான ஒட்டுறவு, அது வெளியிடப்பட்ட 1996ஆம் ஆண்டிலேயே முறிந்தது. அலாஸ்காவின் சால்மனுக்கும் பசிபிக் பதின்மைய அலைவுக்கும் இருந்த இணைவும் 1980களின் இறுதிக்குப் பிறகு தளர்ந்திருக்கிறது. ஆகையால் தரவை இரண்டு பாதிகளாகப் பிரித்து, முதல் பாதியில் கண்ட தொடர்பு இரண்டாம் பாதியிலும் நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.

பிடிப்பு வேறு, வளம் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1972இன் தொடக்கத்தில், எல் நினோவின் வெந்நீர் நெருக்கியதால் பெருவியன் நெத்திலிகள் கரையோரம் எஞ்சியிருந்த குளிர்நீரில் ஒடுங்கித் திரண்டன. படகுகள் அவற்றை அள்ளிக் குவித்தன. பிடிப்புக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அது வளமான பருவமாகத் தோன்றியிருக்கும். 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்த ஆண்டுப் பிடிப்பு, 1973இல் ஏறத்தாழ 20 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. அந்தச் சரிவில் எல் நினோவுக்கும் அதற்கு முந்தைய மிகை மீன்பிடிப்புக்கும் பங்கு உண்டு. ஒப்பீட்டுக்கு 1997–98ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1972ஐவிடக் குறையாத வலுவுள்ள எல் நினோ அது, பிடிப்பும் கடுமையாக விழுந்தது, ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே மீண்டது. ஒரே கடலில், ஒரே மீனுக்கு, ஒரே அலைவு தந்த விளைவு இவ்வளவு வேறுபடுகிறது என்றால், மீன்பிடிப்பின் அழுத்தத்தைத் தனிப் பத்தியாக விரிதாளில் வைக்காத எந்தக் கணக்கும் முழுமையாகாது.

இறுதியாக முடிவை எழுதும்போது, காற்று, வெப்பச்சரிவு அடுக்கு, சத்து, பச்சையம், மிதவை விலங்கு, மீன் என ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதற்கு நேரே நீங்கள் பயன்படுத்திய தரவு, காலத்தாழ்வு, அடிப்படைக் காலம், தரவைப் பதிவிறக்கிய தேதி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். தரவு கிடைக்காத கண்ணியின் வரியை நீக்காமல் வெற்றாகவே விட்டுவையுங்கள். அடுத்து எதை அளக்க வேண்டும் என்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.